அத்தியாயம் 7: பக்கத்துப் பட்டறையா, அக்கரைப் பட்டறையா?

உங்கள் மேஜையில் இரண்டு கொட்டேஷன்கள் இருக்கின்றன. ஒன்று கோவையில், கணபதியிலோ அரசூரிலோ இருக்கும் வார்ப்படக்காரர் கொடுத்தது. மற்றொன்று சீனாவின் நிங்போவிலிருந்து மின்னஞ்சலில் வந்தது. இரண்டும் ஒரே பொருளுக்குத்தான்: 1.2 கிலோ எடையுள்ள, மெஷினிங் முடிந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இம்பெல்லர். உள்ளூர் விலை 720 ரூபாய். நிங்போ விலை 6 டாலர். டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்தால் 528 ரூபாய் ஆகிறது. ஒரு இம்பெல்லருக்கு 192 ரூபாய் வித்தியாசம். வருஷத்துக்குப் பத்தாயிரம் இம்பெல்லர் போடும் கம்பெனிக்கு 19 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்.

இப்படி ஒரு எண் கண்ணில் பட்ட பிறகு உள்ளூர்க்காரரிடம் பேசும் தொனியே மாறிவிடும். அந்த இடத்தில் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத்தான் இந்த அத்தியாயம். பம்ப் கம்பெனிகளில் கொள்முதல் வேலையிலேயே என் காலம் கழிந்தது. வெளிநாட்டிலிருந்து வாங்கி நன்றாகச் சம்பாதித்தும் இருக்கிறோம், கையைச் சுட்டுக்கொண்டும் இருக்கிறோம். இரண்டுக்கும் என்ன காரணம் என்பது கணக்கை முழுசாகப் போட்டால் முன்கூட்டியே தெரிந்துவிடும். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் பொருளுக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

192 ரூபாய் எங்கே போகிறது

அந்த 6 டாலர் எஃப்.ஓ.பி. விலை. அதாவது சரக்கை நிங்போ துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுவதோடு விற்பவரின் பொறுப்பு முடிந்தது. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு செலவும் உங்களுடையது. கொட்டேஷனில் ‘எக்ஸ் ஒர்க்ஸ்’ என்று இருந்தால் அவருடைய கேட்டிலிருந்தே செலவு உங்கள் தலையில். ‘சி.ஐ.எஃப். தூத்துக்குடி’ என்று இருந்தால் கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் அவர் கட்டுவார். இந்த மூன்றெழுத்தைக் கவனிக்காமல் இரண்டு சப்ளையர்களின் விலையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள் இன்றும் நிறைய.

குறைந்தபட்ச ஆர்டர் 5,000 என்கிறார். மொத்த எடை 6 டன். ஒரு 20 அடி கண்டெய்னரில் இடம் மிச்சமிருக்கும். கண்டெய்னருக்குக் கப்பல் கூலி 1,000 டாலர் என்றால் ஒரு இம்பெல்லர்மேல் ஏறுவது 18 ரூபாய். இன்ஷூரன்ஸ் தொகைக்கு ரசீது இல்லாவிட்டால் எஃப்.ஓ.பி. மதிப்பில் 1.125 சதவீதத்தைச் சுங்கத்துறையே சேர்த்துக்கொள்ளும், 6 ரூபாய். ஆக வரி கணக்கிடும் மதிப்பு 552.

அடிப்படைச் சுங்கவரி 7.5 சதவீதம் என்று கொள்வோம். அந்த வரியின்மேல் 10 சதவீதம் சமூகநல சர்சார்ஜ். இரண்டும் சேர்ந்து 8.25 சதவீதம், 46 ரூபாய். 598 ஆகிவிட்டது. இதன்மேல் ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அது இன்புட் கிரெடிட்டாகத் திரும்பி வரும் என்பதால் அடக்கவிலையில் சேர்க்க வேண்டாம். ஆனால் சரக்கை வெளியே எடுக்கும் நாளில் 5 லட்சத்து 38 ஆயிரம் ரூபாயை ரொக்கமாகக் கட்டியாக வேண்டும். அந்த வாரம் சம்பள வாரமாக இருந்தால் என்ன ஆகும் என்பதை இப்போதே யோசித்துவிடுங்கள்.

துறைமுகக் கட்டணம், கண்டெய்னர் கிடங்கு (சி.எஃப்.எஸ்.) வாடகை, கிளியரிங் ஏஜென்ட், தூத்துக்குடியிலிருந்து கோவைக்கு லாரி, எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் என்றால் 20 ரூபாய். வங்கிக் கட்டணம் 3. சரக்கு ஏறுமுன் அங்கேயே ஒரு மூன்றாம் தரப்பு ஆய்வாளரை வைத்துப் பார்ப்பதற்கு 6. இந்த 6 ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள். இப்போது 627.

அடுத்து வட்டி. இதைத்தான் பெரும்பாலோர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆர்டரோடு 30 சதவீதம் முன்பணம். 45 நாள் தயாரிப்பு. சரக்கு ஏறியதும் மீதி 70 சதவீதம். கப்பலும் கிளியரன்ஸும் சேர்ந்து ஒரு மாதம். வந்து இறங்கிய 5,000 எண்ணம் தீர ஆறு மாதம். சராசரியாக ஒவ்வொரு இம்பெல்லரும் மூன்று மாதம் ஸ்டோரில் உட்கார்ந்திருக்கும். 12 சதவீத வட்டியில் இத்தனைக்கும் சேர்த்து 26 ரூபாய். உள்ளூர்க்காரரோ வாரா வாரம் கொண்டுவந்து இறக்கி, 45 நாள் கழித்துப் பணம் வாங்கிக்கொள்கிறவர். அந்தக் கடனை இழப்பதன் மதிப்பு இன்னொரு 11 ரூபாய். ஆக 664.

கடைசியாக ரிஜெக்ஷன். மூன்று சதவீதம் என்று வையுங்கள். உள்ளூர் ரிஜெக்ஷன் டெம்போவில் திரும்பிப் போகும், மாற்றுப் பொருள் வரும். நிங்போவுக்கு 150 இம்பெல்லரைத் திருப்பி அனுப்புகிற கம்பெனியை நான் பார்த்ததில்லை. அது ஸ்கிராப்தான். 20 ரூபாய் கூட்டுங்கள். 684.

மிச்சம் 36 ரூபாய். ஐந்து சதவீதம்.

டாலர் 88-லிருந்து 92-க்குப் போனால் இந்த 36 பத்துக்கும் கீழே போய்விடும். சீசன் நெருக்கடியில் 500 எண்ணத்தை மட்டும் விமானத்தில் கொண்டுவர நேர்ந்து, கிலோவுக்கு 4 டாலர் கேட்டால், 2 லட்சத்து 11 ஆயிரம் ரூபாய். மொத்தக் கண்டெய்னரிலும் நீங்கள் மிச்சம் பிடிக்கப்போவதே 1 லட்சத்து 80 ஆயிரம்தான்.

இதைப் படித்துவிட்டு இறக்குமதியே நஷ்டம் என்று முடிவு கட்ட வேண்டாம். எஃப்.ஓ.பி. விலை 6 டாலருக்குப் பதில் 4.50 டாலராக இருந்திருந்தால், இதே செலவெல்லாம் போட்ட பிறகும் லாபம் நின்றிருக்கும். என் அனுபவத்தில், எஃப்.ஓ.பி. விலை உள்ளூர் விலையைவிடக் குறைந்தது 35 சதவீதம் கீழே இருந்தால்தான் பேச்சைத் தொடங்குவேன். 25 சதவீத வித்தியாசம் எல்லாம் வழியிலேயே கரைந்துவிடும்.

கனமும் மதிப்பும்

பொருளைக் கையில் தூக்கிப் பார்த்து, கிலோ என்ன விலை என்று கேளுங்கள். சாதாரண வார்ப்பிரும்பு கேஸிங் கிலோ நூற்றுச் சில்லறை. கண்டெய்னரில் 20 டன் நிரப்பினாலும் கப்பல் கூலியும் கிளியரிங்கும் சேர்ந்து கிலோவுக்கு 9 ரூபாய்க்குமேல் வரும். 110 ரூபாய்ப் பொருளுக்கு அது எட்டு சதவீதத்தைத் தாண்டுகிறது. சுங்கவரியும் சேர்ந்தால் 17 சதவீதம் வழிச்செலவுக்கே போயிற்று. வார்ப்பிரும்பு வார்க்க மணல், ஸ்கிராப், பர்னஸ், ஆள் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கனத்தைக் கடல் தாண்டிக் கொண்டுவர எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

முழுக் கண்டெய்னர் இல்லாமல் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்புவதும் வார்ப்படத்துக்குப் பொருந்தாது. அங்கே ஒரு கனமீட்டர் அல்லது ஆயிரம் கிலோ, இதில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி. பஞ்சு மாதிரியான சரக்குக்கு இடம் கணக்கு. இரும்புக்கு எடை கணக்கு. அரை பேலட் சரக்கே ஒரு டன்னைத் தாண்டிவிடும்.

மறுபக்கம், மெக்கானிக்கல் சீல், சின்ன பேரிங், கன்ட்ரோலருக்கான எலக்ட்ரானிக் பாகங்கள், ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வரும் பிளாஸ்டிக் பாகங்கள், இவையெல்லாம் கனம் குறைவு, மதிப்பு அதிகம், வடிவம் பல வருஷமாக மாறாதது, உலகம் முழுக்க ஒரே அளவு. 6205 பேரிங் எந்த நாட்டில் செய்தாலும் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர்தான். இப்படிப்பட்ட பொருளை எங்கே நல்ல தரத்தில் மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே வாங்குங்கள். ஒரு தயக்கமும் வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவைதான் சிக்கல். அவற்றுக்கு நான் கேட்கிற கேள்வி ஒன்றே: இந்த டிராயிங் இன்னும் மாறுமா?

மாறுகிற டிராயிங் பக்கத்தில் இருக்கட்டும்

ஒரு புது மாடல் கேஸிங்கில், ஃபிளாஞ்ச் பாடியோடு சேரும் மூலையில் விரிசல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு மாதிரிகளைப் பையில் போட்டுக்கொண்டு கணபதியில் ஒரு பவுண்டரிக்குப் போனேன். மோல்டிங் மேஸ்திரி விரிசலை விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு பேட்டர்னை எடுத்து வரச்சொல்லி, அதே மூலையைத் தடவினார்.

“இந்த மூலை கூரா இருக்குதுங்க. தடிமன் வேற இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் பதினாலு. ஆறும்போது இழுக்குது. கொஞ்சம் ரேடியஸ் குடுத்தாப் போதுங்ண்ணா. நாளைக்குக் காலையில ஊத்திப் பாத்துரலாமுங்க.”

அன்று சாயங்காலமே அந்த மூலையில் மெழுகை அழுத்தி வழித்து வளைவு கொடுத்தார்கள். மறுநாள் காலை பத்து மோல்டு ஊற்றினார்கள். மதியம் உடைத்து, மணல் தட்டி, எங்கள் லேத்தில் ஏற்றியபோது பத்தும் தேறியது. டிராயிங்கை அதற்குப் பிறகுதான் திருத்தினோம். இந்தத் திருத்தத்தை யாரும் பில்லில் போடவில்லை. இதையே கடல் தாண்டிச் செய்திருந்தால் புகைப்படம், மின்னஞ்சல், திருத்திய டிராயிங், டூலிங் திருத்தக் கட்டணம், மாதிரி கூரியரில் வருவது என்று ஆறு வாரம் குறையாமல் ஆகியிருக்கும்.

வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும். அதைக் கணக்கில் வைத்துப் பேட்டர்ன் செய்கிறவர், கோர் வைக்கிறவர், அதைக் கடைகிற லேத்காரர், மூன்று பேரும் டீக்கடையில் சந்தித்துக்கொள்கிற ஊர் எங்கும் எளிதில் அமைவதில்லை. கோவைக்கு அந்த அமைப்பு ஒரே நாளில் வந்ததும் இல்லை. 1930-களில் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்து பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்யப் பட்டறைகள் எழுந்தன. விவசாயக் கிணறுகளுக்கு மோட்டாரும் பம்பும் செய்ய அதே கைகள் திரும்பின. பீளமேட்டிலும் ஆவாரம்பாளையத்திலும் ஒரு சந்துக்குள் போய்த் தெரிந்துகொள்ளக் கூடியதை இன்னும் பல ஊர்களில் புத்தகத்தில்தான் தேட வேண்டும். உங்கள் தயாரிப்புக்கு வயது இரண்டு வருஷத்துக்குக் குறைவு என்றால், அதன் முக்கியமான வார்ப்படத்தை வெளிநாட்டுக்குக் கொடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

கடல்மேல் நடப்பவை

2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற ஒரே கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே நின்று ஆறு நாள் வழியை அடைத்தது. ஷாங்காய் கண்டெய்னர் கட்டணக் குறியீடு 2019-இல் பெரும்பாலும் ஆயிரத்துக்குக் கீழே இருந்தது. 2022 ஜனவரியில் ஐயாயிரத்தைத் தாண்டி நின்றது. மேலே நான் போட்ட 18 ரூபாய்க் கப்பல் கூலியை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள், அந்த 36 ரூபாய் இருந்த இடம் தெரியாது. 2020 ஜூனில் எல்லையில் சீனப் படையோடு நடந்த கல்வான் மோதலுக்குப் பிறகு, சென்னை உள்ளிட்ட துறைமுகங்களில் சீனச் சரக்குகள் ஆய்வுக்காகத் தேங்கின. 2025 ஏப்ரலில் சீனா சில அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றால் ஆன காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, இங்கே மின்வாகன மோட்டார் செய்பவர்கள் தவித்துப்போனார்கள். மோட்டாரை உள்ளூரில் அசெம்பிள் செய்தும் பலன் இல்லை. உள்ளே இருந்த காந்தம் அங்கிருந்து வந்தாக வேண்டும். ஆகவே உங்கள் உள்ளூர் சப்ளையரிடமும் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: இதில் எது எங்கிருந்து வருகிறது?

இவையெல்லாம் எப்போதாவது நடப்பவை. வருஷா வருஷம் தவறாமல் நடப்பது ஒன்று உண்டு. பம்ப் விற்பனைக்குச் சீசன் கோடைதான், பிப்ரவரியிலிருந்து மே வரை. சீனப் புத்தாண்டு வருவதோ ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் நடுவில். 2026-இல் பிப்ரவரி 17. அதையொட்டி அங்கே பட்டறைகள் இரண்டு, மூன்று வாரம் மூடிக்கிடக்கும். ஊருக்குப் போன தொழிலாளர்கள் எல்லாரும் திரும்பி வருவதும் இல்லை. புது ஆட்கள் ஊற்றும் முதல் லாட்டில் ரிஜெக்ஷன் கூடும். நமக்குச் சரக்கு மிகவும் தேவைப்படும் நேரமும் அவர்கள் கதவு சாத்தும் நேரமும் ஒன்றாக விழுகின்றன. கோடைக்கான சரக்கு பொங்கலுக்குள் கப்பல் ஏறியிருக்க வேண்டும். அதற்கு ஆர்டர் தீபாவளியை ஒட்டிப் போயிருக்க வேண்டும். இந்தத் தேதிகளை ஸ்டோரில் காலண்டரிலேயே வட்டம் போட்டு வையுங்கள்.

நாங்கள் கையைச் சுட்டுக்கொண்ட கதை

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மாடலின் கேஸிங்கை வெளிநாட்டுப் பவுண்டரி ஒன்றுக்கு மாற்றினோம். மாதிரிகள் பிரமாதம். முதல் கண்டெய்னரும் குறையில்லை. இரண்டாவது கண்டெய்னர் பிப்ரவரி கடைசியில் வந்தது. பெட்டியைப் பிரித்தபோது பெயின்ட் பளபளத்தது, துரு ஒரு பொட்டு இல்லை. மெஷினிங் முடித்து, பம்பின் உச்ச அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கில் தண்ணீர் ஏற்றிச் சோதித்தோம். முதல் கேஸிங்கில், சீல் உட்காரும் முகத்துக்குக் கீழே, நெற்றியில் வியர்வை அரும்புவதுபோல் மூன்று துளி அரும்பியது. துடைத்தோம். மறுபடி அரும்பியது. அறுத்துப் பார்த்தால் உள்ளே ஊசி முனையளவு வாயுத் துளைகள் வரிசையாக இருந்தன. வெளித்தோலில் ஒன்றும் தெரியாது. மெஷினில் இரண்டு மில்லிமீட்டர் சீவிய பிறகுதான் வெளியே வரும். ஏறக்குறைய மூன்றில் ஒன்று தேறவில்லை.

மின்னஞ்சலுக்கு மூன்றாம் நாள் பதில் வந்தது. அடுத்த ஆர்டரில் விலையைக் குறைத்துக் கொடுப்பதாகச் சொன்னார்கள். எங்களுக்குத் தேவைப்பட்டது அந்த வாரத்துக்குக் கேஸிங். பழைய உள்ளூர் வார்ப்படக்காரரிடம் ஓடினோம். மனிதர் முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஒன்றரை வருஷமாக வேலை இல்லாத எங்கள் பேட்டர்ன், ஒழுகும் ஷெட் மூலையில் கிடந்தது. மரத்தால் ஆன கோர் பாக்ஸ் மழையில் ஊறி வளைந்திருந்தது. அதை மறுபடி செய்து, மாதிரி ஊற்றி, ஒழுங்காகச் சரக்கு வர ஆறு வாரம். கோடை போய்விட்டது.

தப்பு யாருடையது என்று பிறகு யோசித்தேன். பவுண்டரி தப்பு செய்தது. ஆனால் சோதனையை இங்கே வைத்துக்கொண்டது நாங்கள்; அங்கே, சரக்கு ஏறுமுன் வைத்திருக்க வேண்டும். இரண்டாவது வழியைக் கைவிட்டதும் நாங்கள்தான்.

தூரத்திலிருந்து வாங்குவதானால்

முதல் ஆர்டருக்கு முன் நேரில் போங்கள். அனுப்புகிற பெயரில் பவுண்டரி இருக்கிறதா, அல்லது வெறும் டிரேடிங் ஆபீஸா என்பது வாசலில் நின்றாலே தெரிந்துவிடும். இதில் நமக்குப் பாடம் நம் ஊரிலேயே இருக்கிறது. அமெரிக்க, ஐரோப்பிய வால்வு, பம்ப் கம்பெனிகளுக்குக் கோவைதான் அக்கரை. அவர்கள் நம்மிடம் வாங்கும் முறையைப் பாருங்கள்: ஆர்டர் கொடுக்குமுன் ஆள் வந்து பர்னஸ் பக்கத்தில் நிற்கிறான், மணல் சோதனை ரெஜிஸ்டரைப் புரட்டுகிறான், ஒவ்வொரு ஹீட்டுக்கும் எண் கேட்கிறான். நம்மிடம் அவர்கள் கேட்பதையெல்லாம் நாம் நிங்போவில் கேட்கலாம்.

டிராயிங்கில் உலோகத்தைத் தெளிவாக எழுதுங்கள். நாம் ஐ.எஸ். 210 படி எஃப்.ஜி. 260 என்று எழுதுவோம், அவர்கள் எச்.டி. 250 என்று பதில் போடுவார்கள். ஒன்று 260 மெகாபாஸ்கல் இழுவிசை தாங்க வேண்டியது, மற்றது 250. உங்கள் பொருளுக்கு அந்த வித்தியாசம் பரவாயில்லையா என்பதை எஞ்சினியர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ளட்டும். அதே ஹீட்டில் ஊற்றிய சோதனைக் கம்பியைச் சரக்கோடு அனுப்பச் சொல்லி, இங்கே சிட்டார்க் போன்ற ஆய்வகத்தில் இழுத்துப் பாருங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இன்னும் கவனம் வேண்டும். 304-இல் நிக்கல் எட்டு சதவீதத்துக்குக் குறையாது. 201-இல் அதில் ஏறக்குறைய பாதிதான். அந்த இடத்தை மாங்கனீஸ் நிரப்பும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. காந்தம் வைத்துப் பார்ப்பதை நம்ப வேண்டாம். வார்த்த 304 கூட லேசாக ஒட்டும். எக்ஸ்ரே துப்பாக்கி போன்ற கையடக்கக் கருவியால் சில நொடியில் கலவை தெரிந்துவிடும். அந்தக் கருவியோடு வரும் ஆய்வாளரையே அமர்த்துங்கள்.

5,000 எண்ணத்தில் எத்தனை பார்ப்பது? ஐ.எஸ். 2500 அட்டவணைப்படி சாதாரண ஆய்வு நிலையில் 200 எடுத்துப் பார்க்க வேண்டும். ஏற்புத் தர அளவு 1 சதவீதம் என்று பேசியிருந்தால், அந்த 200-இல் குறை ஐந்து வரை இருக்கலாம், ஆறாவது வந்தால் லாட்டே நிராகரிப்பு. இந்த வாக்கியம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மீதி 70 சதவீதப் பணம் இந்த ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் போக வேண்டும்.

எல்.சி. (வங்கி தரும் கடனுறுதிக் கடிதம்) திறந்துவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டும். காகிதம் சரியாக இருந்தால் பெட்டிக்குள் என்ன இருந்தாலும் பணம் போய்விடும். ஆய்வு ரிப்போர்ட்டையும் எல்.சி.யில் கேட்கும் காகிதங்களில் ஒன்றாகச் சேர்த்தால்தான் பிடி இருக்கும்.

உங்கள் பணத்தில் செய்த டையும் பேட்டர்னும் அங்கேதான் இருக்கும். அவை உங்கள் சொத்து என்பதைச் சீன மொழியிலும் எழுதி, கம்பெனி முத்திரை வாங்குங்கள். பொருள் பி.ஐ.எஸ். கட்டாயத் தரக்கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகிறதா, அதன்மேல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி இருக்கிறதா என்பதைக் கிளியரிங் ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அதுவும் முன்பணம் அனுப்புமுன். மரப் பேலட்டில் வெப்பச் சிகிச்சை முத்திரை இல்லாவிட்டால் துறைமுகத்திலேயே நிற்கும். நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஓடும்.

பக்கத்தில் வாங்குவதிலும் ஒழுங்கு வேண்டும்

உள்ளூர்ப் பட்டறை என்றாலே நல்லது என்று நான் சொல்லவில்லை. ‘நாளைக்கு வந்துரும்’ என்ற பதிலைக் கேட்டுக் கேட்டே பல கொள்முதல்காரர்கள் நிங்போவைத் தேடிப் போனார்கள். டிராயிங் திருத்தத்தைப் போனில் சொல்வது, மேஸ்திரி நினைவில் வைத்துக்கொள்வது, ஆறு மாதம் கழித்து மேஸ்திரி வேலையை விட்டுப் போவது, பழைய வடிவத்திலேயே 300 எண்ணம் வந்து இறங்குவது, இதுவும் நடக்கிற கதைதான். கடல் கடந்து கேட்கும் ஹீட் எண்ணையும் சோதனை ரிப்போர்ட்டையும் கணபதியிலும் கேளுங்கள். முதலில் தயங்குவார்கள். பிறகு பழகிக்கொள்வார்கள், அவர்களுக்கே அது உதவும்.

அதற்கு ஈடாக நாம் செய்ய வேண்டியது பணத்தை நேரத்தில் கொடுப்பது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவும் சேர்ந்துகொண்டது. பதிவுபெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். வெளிநாட்டானுக்குச் சரக்கைப் பார்க்குமுன்பே முன்பணம் அனுப்புகிறோம். சரக்கை வாங்கி, பம்பாக்கி, விற்றுக் காசாக்கிய பிறகும் பக்கத்துப் பட்டறைக்காரரை நடையாய் நடக்க விடுகிறோம். இந்த வழக்கத்தால் மூடிய சின்னப் பவுண்டரிகளை நான் அறிவேன். மூடிய பவுண்டரியில் இருந்த மேஸ்திரி இன்று ஏதோ ஒரு கேட்டில் செக்யூரிட்டியாக உட்கார்ந்திருக்கிறார். நாளை கண்டெய்னர் நின்றுபோனால் அவரை எங்கே தேடுவது?

வெளிநாட்டில் வாங்க முடிவெடுத்த பொருளுக்கும் ஐந்தில் ஒரு பங்கை உள்ளூரிலேயே ஓடவிடுங்கள். அந்தப் பங்குக்கு விலை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். நம் கணக்கில் 2,000 இம்பெல்லருக்கு 36 ரூபாய் வீதம் 72 ஆயிரம். வருஷத்துக்கு 72 ஆயிரம் ரூபாயில் பேட்டர்ன் வேலையில் இருக்கும், மேஸ்திரிக்குப் பொருள் மறக்காது, அவசரத்துக்கு ஒரே வாரத்தில் எண்ணிக்கையைக் கூட்ட முடியும். ஒரு விமானச் சரக்கின் கூலியில் மூன்றில் ஒரு பங்குதான் இது.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பேட்டர்ன்கள், கோர் பாக்ஸ்கள், டைகள் யார் யார் பட்டறையில் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். இந்த வாரமே நேரில் போய் ஒவ்வொன்றையும் வெளியே எடுக்கச் சொல்லி, தூசு தட்டி, வளைந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.